பட்டாளத்து வயது

பென்ஷன் மனு எழுதும் தொழிலுக்கு முதலில் வேண்டியது இங்கிலீஷ் அல்ல, எதிரில் உட்கார்ந்திருக்கும் மனிதரிடம் "உங்களுக்கு என்ன வயது?" என்று அவசரப்பட்டுக் கேட்காத நாக்கு.

இதை நான் கற்றுக்கொள்ள ஒரு வருஷம் ஆயிற்று. அந்த ஒரு வருஷத்தில் என் தலை நரைக்காதது எனக்கே ஆச்சரியம். உங்கள் வீட்டிலும் பட்டாளத்துக்காரர் ஒருவர் இருந்து, பழுப்புக் கவரில் இங்கிலீஷ் கடிதம் வரும்போதெல்லாம் உங்களுக்கும் அதைப் பிரிக்கப் பயமாக இருந்தால், நாம் ஒரே நோய்க்காரர்கள். கொஞ்சம் கிட்டத்தில் வந்து உட்காருங்கள். குழந்தை இப்போதுதான் தூங்கினாள். லாந்தரில் இருப்பது ரேஷனில் வாங்கிய சீமெண்ணெய். அது தீருவதற்குள் சொல்லிவிடுகிறேன்.

நான் சேலத்தில் கன்னியாஸ்திரீகள் நடத்திய பள்ளிக்கூடத்தில் படித்தவள். பயந்த சுபாவம். மதர் உரக்கத் தும்மினால்கூட நான் என்ன தப்புச் செய்தேன் என்று யோசிப்பேன். கல்யாணமாகி நாமக்கல் வந்தேன். என் வீட்டுக்காரர் சிப்பாயாகச் சேர்ந்து, நாயக், ஹவில்தார் என்று ஒவ்வொரு படியாக ஏறி, சண்டைக் காலத்தில் ஜமேதார் ஆனவர். ஜமேதார் என்றால் அதிகாரி. சிப்பாய்கள் "சாகிப்" என்றுதான் கூப்பிட வேண்டும். சண்டை முடிந்த பிறகும் வடக்கே ஏதோ ஒரு முகாமில், வீட்டுக்கு அனுப்பும் உத்தரவுக்காகக் காத்திருந்தார். இங்கே நானும், அவரைப் பெற்ற அத்தையும், கைக்குழந்தையும். சொத்து என்று சொல்ல இரண்டு ஏக்கர் மானாவாரி. மழை பெய்தால் கம்பு விளையும்; பெய்யாவிட்டால் கல் விளையும். ஆகவே அவர் வாங்கப்போகும் பென்ஷன்தான் எங்கள் மூன்று பேருக்கும் கிணறு.

நாங்கள் குடியிருந்தது தாலுகா கச்சேரிக்கு இரண்டு தெரு தள்ளி. மாதம் பிறந்தால் பென்ஷன் வாங்க வருகிறவர்கள் எங்கள் வாசல் வழியாகத்தான் போவார்கள். "ஜமேதார் ஊட்டு அம்மிணிக்கு இங்கிலீசு தெரியுமாம்" என்று எவரோ சொல்லிவைக்க, நான் போர்டு மாட்டாமலே கடை திறந்தது.

ஐந்து மாதத்துச் சுபேதார்

முதலில் வந்தவர் ஜேடர்பாளையத்து நாச்சிமுத்து. சிப்பாயில் தொடங்கி, ஜமேதாருக்கு மேல் படியான சுபேதார் வரைக்கும் போய் ஓய்வு பெற்றவர். உருமாலை அவிழ்த்து, அதற்குள்ளிருந்து ஒரு கடிதத்தை எடுத்தார். பென்ஷனைக் கூட்டித் தரச் சொல்லி அவர் போட்ட மனுவுக்கு வந்த பதில். மூன்று மாதமாக அது தலையிலேயே இருந்ததாம். முத்திரை பெரிதாக இருந்ததால் நல்ல சேதி என்று நினைத்துவிட்டாராம். படித்துப் பார்த்தேன். சிப்பாயாகச் சேர்ந்த நாள் முதல் எல்லா வருஷமும் கணக்கில் சேரும். ஆனால் சுபேதார் பதவியில் ஐந்தே மாதம் இருந்திருக்கிறார், அது போதாது, ஆகையால் பென்ஷன் ஜமேதாருக்கு உரிய விகிதத்தில்தான் என்று எழுதியிருந்தது.

அவருக்குக் கெட்ட சேதி. எனக்கு நல்ல சேதி. அதிகாரியாக ஆக்கிய நாளோடு பழைய சிப்பாய் வருஷங்களைத் தள்ளிவிட்டுப் புதுக்கணக்குப் போடுவார்கள் என்று அதுவரை நான் நடுங்கிக்கொண்டிருந்தேன். அப்படி இல்லையாம். எல்லாம் ஒரே கயிறுதானாம். என் வீட்டுக்காரர் ஜமேதாராகி மூன்று வருஷம் ஆகியிருந்தது, அதனால் பதவிக்கும் பயமில்லை. என் சந்தோஷம் முகத்தில் தெரியாமல் இருக்கக் குழந்தையைத் தூக்கி வைத்துக்கொண்டு விஷயத்தைச் சொன்னேன். நாச்சிமுத்துவின் முகம் சுண்டிவிட்டது. கூட வந்திருந்த அவர் சம்சாரம் வெற்றிலையில் சுண்ணாம்பு தடவிக்கொண்டே சொன்னாள்:

"வெசனப்படாதீங்க. பணத்தை ஜமேதார் கணக்குல வாங்கிக்குவோம். ஊர்ல என்னைச் சுபேதாரம்மான்னு கூப்புடறதுக்குக் கச்சேரியில கையெழுத்து வேண்டியதில்லீங்க."

நோம்பிக்குப் போன நாட்கள்

மேச்சேரிப் பக்கத்திலிருந்து மாரப்பன் வந்தபோது கக்கத்தில் ஓர் ஆட்டுக்குட்டி இருந்தது. அது எனக்குக் கூலி. இவரும் கீழிருந்து ஏறி ஜமேதாரானவர்தான். ஆனால் சிப்பாயாக இருந்த காலத்தில் மூன்று தடவை லீவு கேட்காமல் ஊருக்கு வந்துவிட்டார். மூன்று தடவையும் ஊர் அம்மன் திருவிழா, அவர்கள் பேச்சில் நோம்பி. அந்த நாட்களுக்கு அப்போதே தண்டனையும் அனுபவித்துவிட்டார். பிறகு பதவி உயர்ந்தது, மெடல் கிடைத்தது, துரை கைகுலுக்கினார். எல்லாம் மறந்துபோயிற்று என்று நினைத்திருந்தவருக்குப் பென்ஷன் உத்தரவில், வராத நாட்கள் ஒன்று விடாமல் கழிக்கப்பட்டிருந்தன. சிப்பாய் செய்த தப்பை ஜமேதார் தலையில் கட்டியிருந்தார்கள்.

பட்டாளத்துக் கணக்கில் கூட்டல் மட்டுமல்ல, கழித்தலும் உண்டு என்று அன்றைக்குத்தான் தெரிந்துகொண்டேன். "மதக் கடமையின் பொருட்டு வர இயலாமல் போன நாட்கள்" என்று மரியாதையாக இங்கிலீஷில் எழுதிக் கொடுத்தேன். ஆட்டுக்குட்டி வேண்டாம் என்றேன். அதற்குள் அத்தை அதைக் கொல்லையில் கட்டியாகிவிட்டது. மாரப்பன் மனுவை வாங்கி மடித்துக்கொண்டே சொன்னார்:

"நோம்பி சாட்டிட்டா எல்லையத் தாண்டி வெளிய தங்கக் கூடாதுங்க. அது நான் ஆத்தாளுக்கு டியூட்டி பாத்த நாளு. சர்க்காரு ஒத்துக்காட்டி அந்த நாளுக்கு மட்டும் ஆத்தா பேருக்கே மனுப் போட்டுருங்க அம்மிணி."

இங்கிலீஷில் ஒரு ஜாதகம்

இனி என் கதை. அவரிடமிருந்து ஒரு கடிதம் வந்தது. கூடவே அச்சடித்த ஒரு பாரம். குடும்ப விவரங்களை நிரப்பி, முகாம் இடம் மாறிக்கொண்டே இருப்பதால் நேராகப் பட்டாளத்துப் பதிவு ஆபீசுக்கே அனுப்பிவிடச் சொல்லியிருந்தார். அவர் பெயரை வாயால் சொல்வதில்லையே தவிர, எழுதுவதற்கு எனக்குத் தடையில்லை. மனைவி பெயர், குழந்தை பெயர், ஊர், எல்லாம் எழுதினேன். அவர் பிறந்த தேதி என்று ஒரு கட்டம் இருந்தது. அத்தையிடம் கேட்டேன். அத்தை பெட்டியிலிருந்து மஞ்சள் தடவிய ஜாதகத்தை எடுத்துக் கொடுத்துவிட்டு ஆட்டுக்குட்டிக்குத் தழை போடப் போய்விட்டார்.

கையெழுத்துப் போடும் எந்தக் காகிதத்தையும் கடவுள் படிப்பார் என்று எங்கள் மதர் சொல்லியிருந்தார். ஆகவே தமிழ் வருஷத்தையும் மாசத்தையும் பஞ்சாங்கத்தை வைத்துக்கொண்டு ஒரு சாயங்காலம் பூராவும் இங்கிலீஷ் தேதியாக்கினேன். ஆதாரம் இல்லாமல் அனுப்பலாமா? ஜாதகத்தையே இங்கிலீஷில் மொழிபெயர்த்தேன். ராசி, நட்சத்திரம், லக்கினம், ராகு நின்ற இடம், கேது நின்ற இடம், ஒன்றையும் விடவில்லை. மூலத்தையும் சேர்த்து, ரிஜிஸ்தர் தபாலில் அனுப்பிவிட்டு, என் கெட்டிக்காரத்தனத்தை நானே மெச்சிக்கொண்டு வந்தேன். அத்தை கேட்டுவிட்டுக் கையிலிருந்த தழையைக் கீழே போட்டார்:

"அட சாமி! பதினாறு வயசுப் பையன் பதினெட்டுன்னு சொல்லியல்ல பட்டாளத்துல சேந்தான். அவன் ஏத்துன வயசை நீ எதுக்குக் கண்ணு எறக்குன?"

காதில் விழாத ஊதல்

வயதை ஏற்றினால் என்ன, இறக்கினால் என்ன, மனுஷன் ஒருவர்தானே என்று எனக்கு நானே தைரியம் சொல்லிக்கொண்டேன். அந்தத் தைரியம் பதினோரு நாள் இருந்தது. பன்னிரண்டாம் நாள் ஆட்டையாம்பட்டியிலிருந்து ஒரு நெசவாளர் வீட்டு மனிதர் வந்தார். பதினான்கு வயதில் பியூகிள் ஊதும் பையனாகச் சேர்ந்து, கடைசியில் பாண்டு ஜமேதாராக வெளியே வந்தவர். பதினெட்டு வயது முடியும் முன் செய்த சேவை பென்ஷனுக்குச் சேராது என்று அவருக்கு வந்த கடிதத்தில் இருந்தது. வாய்விட்டுப் படித்துக்கொண்டே வந்தவள், அந்த வரியில் நிறுத்திவிட்டேன்.

அவர் போகட்டும் என்று காத்திருக்க முடியவில்லை. அவர் எதிரிலேயே, அவர் கடிதத்தின் முதுகிலேயே கணக்குப் போட்டேன். வீட்டுக்கு அனுப்பப்போவதாக அவர் கடிதத்தில் எழுதியிருந்த தேதி வரைக்கும் என் வீட்டுக்காரரின் மொத்தச் சேவை பதினாறு வருஷம் ஒன்பது மாதம். பென்ஷன் கிடைக்க வேண்டிய சேவை பதினைந்து வருஷம். ஜாதகப்படி அவர் சேர்ந்தபோது வயது பதினாறும் ஒரு மாதமும். பதினெட்டுக்கு முந்திய ஒரு வருஷம் பதினொரு மாதத்தைக் கழித்தால் மிச்சம் பதினான்கு வருஷம் பத்து மாதம். இரண்டு மாதம் குறைகிறது! குறைந்தால் மாதாமாதம் பென்ஷன் கிடையாது. ஒரு தொகையைக் கையில் கொடுத்துக் கும்பிட்டு அனுப்பிவிடுவார்கள். ஜமேதார் பதவி, மூன்று வருஷம், எல்லாம் அந்த இரண்டு மாதத்தில் போய்விடும். பொய் சொல்லிச் சேர்ந்தார் என்று தண்டனை வேறு கொடுத்தால்?

நான் திரும்பத் திரும்பக் கூட்டிக் கழிப்பதைப் பார்த்து, தனக்காகத்தான் நான் இப்படிப் பரிதவிக்கிறேன் என்று அந்த மனிதர் நினைத்துக்கொண்டார். என்னைச் சமாதானப்படுத்தும் குரலில் சொன்னார்:

"போச்சாதுங்க, உடுங்க அம்மிணி. நாலு வருசம் காலங்காத்தால நான் ஊதித்தான் துரைமாருங்க அத்தனை பேரும் எந்திரிச்சாங்க. அப்ப மட்டும் சத்தம் நல்லாக் கேட்டுச்சுங்க."

குமாஸ்தாவின் யோசனை

அதற்குப் பிறகு எனக்குச் சோறு இறங்கவில்லை. அவருக்குக் கடிதம் எழுத உட்காருவேன். "க்ஷேமம்" என்று எழுதிவிட்டு, அது பொய்யாயிற்றே என்று கிழித்துப் போடுவேன். குழந்தை என் முகத்தைப் பார்த்துச் சிரித்தால் அழுகை வரும். இவளுக்குப் பாலுக்கும் துணிக்கும் இருந்த ஒரே வழியை நானே தபால் தலை ஒட்டி அனுப்பிவிட்டேனே! அத்தை என்னைத் திட்டவே இல்லை. திட்டியிருந்தால் தேவலை. ஆஞ்சநேயருக்கு வெண்ணெய்க் காப்பு நேர்ந்துகொண்டு, தபால்காரர் வரும் நேரத்துக்குத் தானே வாசலில் போய் நின்றுகொண்டார்.

கடைசியில் அத்தையைத் துணைக்கு அழைத்துக்கொண்டு கச்சேரிக்குப் போய், பென்ஷன் குமாஸ்தாவைப் பார்த்தேன். "எனக்குத் தெரிந்த ஓர் அம்மாள் இப்படிச் செய்துவிட்டாள்" என்று ஆரம்பித்தேன். அவர் மூக்குக் கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தார். "அந்த ஜாதகம் தம்பியுடையது, தவறிப்போய் வைத்துவிட்டேன் என்று அந்த அம்மாளை இன்னொரு கடிதம் எழுதச் சொல்லுங்கள்" என்றார். "அவருக்குத் தம்பியே கிடையாதே!" என்று வாய் தவறிக் கத்திவிட்டேன். அத்தை என் கையைக் கிள்ளினார். குமாஸ்தா பேனாவைக் கீழே வைத்துவிட்டு, மரியாதை குறையாமல் சொன்னார்:

"அம்மா, நான் இந்த நாற்காலியில் நரைத்தவன். பென்ஷனுக்காகச் செத்தவரைப் பிழைக்க வைத்தவர்களைப் பார்த்திருக்கிறேன். சர்க்காருக்கு ராகு கேதுவைப் பதிவுத் தபாலில் அனுப்பியவரை இன்றைக்குத்தான் பார்க்கிறேன்."

எந்த வயதுங்க?

கடை மட்டும் மூடவில்லை. மூடினால் சும்மா உட்கார்ந்து பயப்பட வேண்டும். திறந்திருந்தால் வேலை செய்துகொண்டே பயப்படலாம். ஒரு நாள் திருச்செங்கோட்டுப் பக்கத்திலிருந்து, பட்டாளத்திலிருந்து வந்து ஒரு மாதம்கூட ஆகாத ஜமேதார் ஒருவர் வந்தார். பூட்ஸ் மினுக்கம் இன்னும் போகவில்லை. மனுவில் எழுதுவதற்காகப் பெயர் கேட்டேன், ஊர் கேட்டேன், பழக்க தோஷத்தில் வயதும் கேட்டேன். மனிதர் கொஞ்சம்கூடக் கூச்சப்படாமல், "எந்த வயசுங்க? ஊட்டு வயசுங்களா, பட்டாளத்து வயசுங்களா?" என்று திருப்பிக் கேட்டார்.

பேனாவைக் கீழே போட்டுவிட்டேன். அவர் விளக்கினார். அவர் சேர்ந்த அன்றைக்கு அவரோடு வரிசையில் நின்றவர்கள் அத்தனை பேருக்கும் பதினெட்டுதானாம். மீசை முளைக்காதவனுக்கும் பதினெட்டு. இரண்டு பிள்ளை பெற்றவனுக்கும் பதினெட்டு. டாக்டர் மார்பை அளந்து, பல்லைப் பார்த்து, பதினெட்டு என்று எழுதிவிட்டால் அதற்கு மேல் பேச்சில்லை. "அப்படியானால் வீட்டிலிருந்து எவராவது உண்மை வயதை எழுதிப் போட்டால்?" என்று கேட்டேன். அவர் அதை ஒரு நல்ல வேடிக்கையாக எடுத்துக்கொண்டு சிரித்தார்:

"அப்படி எழுதிப் போடற பைத்தியம் எந்த ஊட்டுலீங்க இருக்கும்?"

திரும்பி வந்த ஜாதகம்

அந்தப் பைத்தியத்துக்குப் பதில் வந்தது ஒரு வெள்ளிக்கிழமை. பழுப்புக் கவர், கனமாக இருந்தது. அத்தை அதை என்னிடம் கொடுக்காமல் முதலில் சாமி படத்தடியில் வைத்துவிட்டு, "மெதுவாப் படி சாமி, நான் உக்காந்துக்கறேன்" என்று சுவரோரமாக உட்கார்ந்தார். பிரித்தேன். முதலில் விழுந்தது மஞ்சள் தடவிய ஜாதகம். அடுத்தது என் மொழிபெயர்ப்பு. அதன் ஓரத்தில் எவரோ சிவப்புப் பென்சிலால் ஒரு கேள்விக்குறி போட்டிருந்தார்கள், கேது இருந்த இடத்தில். கடிதம் நாலே வரி. சேர்க்கையின்போது டாக்டர் பதிந்த வயதே முடிவான வயது. பின்னால் வரும் எந்த ஆதாரமும் ஏற்றுக்கொள்ளப்படாது. சிப்பாய் முதல் ஜமேதார் வரை பதினாறு வருஷம் ஒன்பது மாதமும் சேவையாக எடுத்துக்கொள்ளப்படும். பென்ஷன் ஜமேதார் விகிதத்தில். வேண்டாத காகிதங்கள் திருப்பி அனுப்பப்படுகின்றன.

வேண்டாத காகிதங்கள்! இத்தனை இனிமையான இரண்டு வார்த்தைகளை நான் அதற்குமுன் படித்ததில்லை. அத்தைக்குத் தமிழில் சொன்னேன். இரண்டாம் தடவை சொல்லச் சொன்னார். மூன்றாம் தடவை சொல்லும்போது அழுதது நானா அவரா என்று தெரியவில்லை. குழந்தை எங்கள் இருவரையும் பார்த்துவிட்டுத் தானும் சேர்ந்து அழுதாள். பிறகு அத்தை முகத்தைத் துடைத்துக்கொண்டு, ஜாதகத்தைப் பெட்டியின் அடியிலே வைத்துப் பூட்டிச் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டார்:

"இனிமே ஜாதகம் வேணும்னா எங்கிட்டக் கேளு. மறுக்கா இங்கிலீசு ஆக்கறதா இருந்தா, அதுக்கு முன்னால ஒரு வார்த்தை சொல்லு சாமி, நான் எங்கம்மா ஊட்டுக்குப் போயிர்றேன்."

ஜமேதார் வீடு வந்தார்

அவர் வந்து சேர்ந்த அன்று நான் எதையும் சொல்லவில்லை. மறுநாளும் சொல்லவில்லை. மூன்றாம் நாள், குழந்தை அவர் மீசையைப் பிடித்து இழுத்துக்கொண்டிருந்த நல்ல நேரமாகப் பார்த்துச் சொல்ல ஆரம்பித்தேன். பாதி வரைக்கும்தான் போனேன். மீதியை அத்தை சொன்னார், கொஞ்சம் கூட்டியே சொன்னார். அவர் எழுந்துபோய்த் தகரப் பெட்டியிலிருந்து சேவைப் புத்தகத்தை எடுத்துவந்து, முதல் பக்கத்தைக் காட்டினார். "தோற்றத்துக்கு வயது பதினெட்டு" என்று மசி மங்கிய எழுத்தில் இருந்தது. கீழே டாக்டர் கையெழுத்து.

பதினாறு வயசில் பசியோடு ரயிலேறிப் போன ஒரு பையனை, பார்த்தால் பதினெட்டு என்று எவரோ ஒரு டாக்டர் எழுதியிருக்கிறார். தெரியாமல் எழுதினாரோ, தெரிந்தே எழுதினாரோ, அந்தக் கை நன்றாக இருக்கட்டும். நான் அந்த எழுத்தை விரலால் தடவிப் பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு, சிரிப்பை மீசைக்குள் அடக்கிக்கொண்டு சொன்னார்:

"ஏம்புள்ள, பதினாறு வருசம் எதிரிகூட என்னைய ஒரு அடி பின்னால தள்ளல. நீ இங்க இருந்துக்கிட்டே ஒரு காயிதத்துல ரெண்டு வருசம் தள்ளிப்புட்டியே!"

ஆகவே, ஜாதகப்படி என் வீட்டுக்காரர் என்னைவிட எட்டு வயது மூத்தவர், சர்க்கார் கணக்கில் பத்து. மாதாமாதம் பென்ஷன் வந்துகொண்டிருக்கும் வரைக்கும் நான் அந்தப் பத்து வயது மூத்தவருக்கே வாழ்க்கைப்பட்டவள்.